மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் கடற்கழுகு

பறவைகளைப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு என்னுடைய முதல் அறிவுரை: வெள்ளைச் சட்டை போடாதீர்கள். நான் போட்டுக்கொண்டு போனேன். சும்மா வெள்ளை இல்லை. மனைவி நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடித்தால் முறிந்துவிடும் போல இஸ்திரி பிடித்துத் தந்த வெள்ளை. கூடவே பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் திருநீறு. விடியற்காலை ஐந்தரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கிய நிமலன் மண் நிறக் காற்சட்டையும் மங்கிய பச்சைச் சட்டையும் போட்டிருந்தார். என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"கோயிலுக்கா அங்கிள் போறம்?"

"மண்டூர் எண்டா முருகனைப் பாக்காம வரலாமா?" என்று சமாளித்துவிட்டேன். ஆட்டோக்காரன் தவம் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் எங்கள் ஒழுங்கைக்காரன், நாலு வீடு தள்ளி இருப்பவன். நான் எதற்குப் போகிறேன் என்று அவனுக்குத் தெரியும். நான் போனது மாப்பிள்ளை பார்க்க. அதற்கு வேறு எந்த உடுப்பைப் போடுவது?

இது நடந்தது யுத்த நிறுத்தக் காலத்தில், ஒரு மாசி மாதம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை அரசாங்கப் படையினரின் கையில் இருந்தது, மேற்கே படுவான்கரை தமிழ்ப் போராளிகளின் இயக்கத்தின் கையில். சண்டை இல்லை. ஆனால் முடிந்துவிட்டது என்றும் யாரும் சொல்லவில்லை. பாதை திறந்திருக்கும்போது போய் வந்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லாருக்கும் இருந்தது. நோர்வேயில் இருந்து வந்திருந்த நிமலனுக்கும் அதுதான் அவசரம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் அவசரப்பட்டது கழுகுக்காக.

நிமலனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பதினேழு வயதில் களுவாஞ்சிக்குடியை விட்டுப் போனவர். நோர்வேயில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை. மூன்று கிழமை லீவில் வந்து, மட்டக்களப்பு டவுனில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தார். அந்தப் பெரியம்மாதான் என் மகள் வதனியைக் கேட்டு வந்தவர். வதனிக்கு இருபது. நிமலன் ஒருநாள் வீட்டுக்கும் வந்தார். தேத்தண்ணி குடித்தார். வதனியை இரண்டு தரம் பார்த்தார், எங்கள் முற்றத்துத் தென்னையில் இருந்த பறவையைப் பத்துத் தரம் பார்த்தார். அது செம்பருந்து, எங்கள் பேச்சில் செம்பிராந்து, என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

விளங்காத விஷயம் இன்னொன்றும் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். அரிசி ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்துகொண்டு, பத்தாம் வகுப்புக் கணக்கையே மூன்றாம் முறைதான் பாஸ் பண்ணிய நான், எங்கள் வளவிலேயே வதனிக்கு ஒரு வீட்டைக் கூரை மட்டத்துக்கு எழுப்பியிருந்தேன். நிமலனின் பெரியம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு வேணாம். அவன் கூட்டிற்றுப் போகப்போறான்" என்றார். வீடு கேட்டுச் சண்டை பிடிக்கிற சம்பந்தம் பார்த்திருக்கிறேன். வீடு வேண்டாம் என்கிற சம்பந்தம் அதுதான் முதல். என்ன குறை இருக்குமோ என்று மனைவிக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை.

மண்டூர் போய் வந்த மறுநாள் காலைக்குள் பெரியம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும், நிமலன் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறார். பயணத்துக்கு முதல் நாள் மாலை வதனி என்னிடம் வந்தாள்.

"அப்பா, நாளைக்கு அவர் மண்டூருக்குப் படம் எடுக்கப் போறாராம். நீங்களும் அவரோட போங்க. அவருக்குக் கோவம் வந்தா எப்பிடி இரிப்பார் எண்டு பாத்திற்று வந்து சொல்லுங்க."

"கேட்டுப் பாக்கிறன் மகள்."

"கேக்காதீங்க. கேட்டா எல்லாரும் நல்லவங்கதான். பாருங்க. நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் முடிவு சொல்லுவன்."

ஆக என் வேலை அதுதான். ஒரு நாளுக்குள் ஒரு மனிதனின் கோபத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கழுகு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

அன்று விடியற்காலை அவர் கொண்டுவந்த லென்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐநூறு மில்லிமீட்டர். கையில் தந்தார், ஒரு கைக்குழந்தையின் பாரம். கமராவில் பூட்டியதும் தோளில் வைத்துச் சுடுகிற சாமான் போலவே இருந்தது. போதாததற்கு அவர் அதற்கு ஒரு உறையும் கொண்டுவந்திருந்தார். பச்சையும் மண்ணிறமும் திட்டுத் திட்டாக, அசல் ஆமித் துணி. அங்கே பறவைப் படம் பிடிப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் மூடுவார்களாம், பறவைக்குத் தெரியாமல் இருக்க. "தம்பி, இதை மூடிக்கொண்டு போனா பிராந்துக்குத் தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும்" என்றேன். அவர் முகம் வெளுத்துப்போனது. அப்போது வதனி அளவுநாடாவை எடுத்து வந்து லென்சை அளந்தாள். அம்மாவின் பழைய சீத்தைத் துணியில், நீலத்தில் வெள்ளைப் பூப்போட்டது, ஒரு மணித்தியாலத்தில் உறை தைத்துக் கொடுத்தாள். நிமலன் அதைப் போட்டுப் பார்த்து, "சரியா இரிக்கு" என்றார். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசியது அந்த இரண்டு சொல்தான்.

மட்டக்களப்பில் இருந்து தெற்கே கல்முனை வீதியில் களுவாஞ்சிக்குடி கடந்து குருமண்வெளித் துறைக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். நாள் முழுக்க நிற்பதற்குத் தவம் ஆயிரத்து ஐந்நூறு கேட்டான். துறையில் வாவியைக் கடப்பது 'பாதை'யில். தெரியாதவர்களுக்கு: இரண்டு வள்ளங்களின் மேல் பலகை அடித்த மிதவை அது. சைக்கிள், மோட்டார்சைக்கிள், நெல்மூட்டை, மாடு, மனிதர் எல்லாம் ஏறலாம். ஏறும் இடத்தில் படையினரின் சோதனை.

பையைத் திறந்ததும் சிப்பாய் ஓரடி பின்னால் போனான். "மொகக்த மே?" என்றான், இது என்னவாம். எனக்குத் தெரிந்த சிங்களம் ஆலைக்கு வருகிற லொறிக்காரரிடம் பழகியது. மூட்டைக் கணக்குக்கு மேல் வராது. பறவைக்கு என்ன சொல்வது? இரண்டு கையையும் விரித்து அடித்துக்கொண்டு, "குருல்லோ, மஹத்தயா, குருல்லோ!" என்றேன். கஞ்சி போட்ட சட்டை படபடவென்று சத்தம் போட்டது. சிப்பாய் துப்பாக்கி முனையால் உறையை மெல்ல விலக்கிப் பார்த்தான். பூப்போட்ட துணியைக் கண்டதும் சிரித்துவிட்டான். மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். நிமலனின் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்து, போகச் சொன்னார்கள். பின்னேரம் கடைசிப் பாதைக்கு முந்தித் திரும்பிவிட வேண்டும் என்று கையால் காட்டினார்கள்.

தவத்தை ஆட்டோவுடன் துறையிலேயே விட்டுவிட்டு நாங்கள் மட்டும் ஏறினோம். அக்கரையில் இயக்கத்தின் ஆட்கள் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்கள். அங்கே இருந்து வாவிக்கரையோடு தெற்கே கொஞ்சத் தூரம் நடை. தண்ணீரின் ஓரம் தனியாக நின்ற பெரிய மருதமரத்தின் உச்சியில் விறகுக்கட்டு ஒன்றைத் தூக்கி வைத்தது போல கூடு. அதுதான் கடற்கழுகின் கூடு. இரண்டு நாள் முன்பு பெரியம்மாவின் மகனோடு வந்து பார்த்து வைத்திருந்தாராம். வெள்ளைத் தலை, வெள்ளை வயிறு, சாம்பல் முதுகு. நான் அதுவரை மட்டக்களப்பில் பறக்கிற பெரிய பறவை எல்லாவற்றையும் பிராந்து என்று சொல்லி வாழ்ந்துவிட்டவன். அன்று மட்டும் அவர் நான்கு வகை காட்டினார். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நான் நான்கையும் மாற்றிச் சொன்னேன். மண்ணிறத்தில் ஒன்று பறந்தது, இது வேறு சாதி என்றேன். "அதே சாதிதான் அங்கிள். அது இளசு. வளந்தாத்தான் வெள்ளை வரும்" என்றார். அதற்குப் பிறகு சாதி பார்ப்பதை அவரிடமே விட்டுவிட்டேன்.

மரத்துக்கு மேற்கே வட்டையில், அதாவது வயல்வெளியில், அறுவடை நடந்துகொண்டிருந்தது. வரம்பில் நிமலன் கமரா முக்காலியைக் குத்தினார். அறுவடைக்காரர் ஒருவர் அரிவாளோடு வந்து பார்த்தார்.

"பிராந்தைப் பாக்கவா வெளிநாட்டில இரிந்து வந்திரிக்கார்?"

"ஓம்."

"அங்க பிராந்து இல்லையாமா?"

"இரிக்காம். இது வேற பிராந்தாம்."

"நீங்க ஆரு, பிராந்தின்ட பூசாரியா?" என்று என் சட்டையைப் பார்த்துக் கேட்டார். கூட நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நிமலன் மிகவும் மரியாதையாக அவரிடம் ஒரு வெறும் உரப்பையை வாங்கி, ஓரத்தைக் கிழித்து, எனக்கு மேலால் போர்த்துவிட்டார். வெள்ளை தெரிந்தால் கழுகு கூட்டுக்கு வராதாம். இப்படியாக வருங்கால மாமனார் உரப்பைக்குள் உட்கார்ந்து மாப்பிள்ளை பார்த்தார்.

காலையில் வெயில் எங்கள் முகத்துக்கு நேரே. படம் எடுத்தால் கறுப்பாகத்தான் வருமாம். வெயில் தலைக்கு மேலால் போய் முதுகுப் பக்கம் இறங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். நான் மெதுவாகத் தொடங்கினேன். "தம்பி, அந்த வீட்டு விஷயம்..." என்றேன். "ஷ்" என்றார். கொஞ்சம் கழித்து, "அங்க குளிருக்கு வதனி..." என்றேன். மறுபடியும் "ஷ்". கழுகு கூட்டில் குந்திக்கொண்டு இருந்தது. அசையவே இல்லை. எனக்குக் கால் விறைத்தது. இவருக்கு உதவி செய்வோம், பறந்தால் நல்ல படம் கிடைக்குமே என்று எண்ணி எழுந்து நின்று பலமாகக் கை தட்டினேன்.

கழுகு எழும்பியது. நிமலனும் எழும்பினார்.

"கையைக் கீழ போடுங்க!" என்று கத்தினார். வட்டையில் அறுத்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "குஞ்சு கிடக்கு அதுக்குள்ள! இந்த வெயிலுக்குத் தாய் நிழல் குடுத்திற்று இரிக்குது. விளங்குதா உங்களுக்கு?"

என்னிடம் யாரும் அப்படிக் கத்தி நாளாகிவிட்டது. முதலாளிகூடக் கத்துவதில்லை. நான் உரப்பைக்குள் குனிந்துவிட்டேன். கழுகு ஒரு வாத்துக் கத்துவது போலக் கத்திக்கொண்டு வட்டமிட்டது. அது திரும்பக் கூட்டில் இறங்கும் வரைக்கும் நிமலன் என் பக்கம் திரும்பவில்லை. இறங்கிய பிறகு வந்து பக்கத்தில் இருந்தார்.

"மன்னிச்சிக்கொள்ளுங்க அங்கிள். ஆனா மறுகா அப்பிடிச் செய்யாதீங்க."

சரி, முடிந்தது, மகளுக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கோபம் வரும். பெரியவர் சிறியவர் பார்க்காமல் வரும். வீட்டுக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கொண்டுவந்த சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். அவர் பொரித்த மீனை எனக்குத் தள்ளிவிட்டார். மீன் தொழிற்சாலையில் வேலை என்பதால் அவருக்கு மீனைப் பார்த்தாலே அலுப்பாம். இதைக் கணக்கில் எந்தப் பக்கம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மணிக்குப் பிறகு வெயில் முதுகுக்கு வந்தது. இரண்டாவது கழுகு வாவியில் இருந்து ஒரு மீனைக் காலில் இறுக்கிக்கொண்டு நேரே கூட்டுக்கு வந்தது. கமரா தையல் இயந்திரம் போல அடித்தது. குஞ்சின் தலை ஒருமுறை தெரிந்தது. முப்பத்தாறு படமும் எடுத்துச் சுருள் முடிந்தது. "பத்து வருஷமா நினைச்ச படம் அங்கிள்" என்றார். அப்போதுதான் முதல் தரம் சிரித்தார். சிரித்தபடியே அடுத்த சுருளைத் தேடிப் பைக்குள் கையை விட்டார்.

அந்த நேரம் வரம்பால் இரண்டு சைக்கிள் வந்தது. இயக்கத்துப் பெண்கள். ஒருத்திக்கு இருபத்தேழு இருக்கும். மற்றவள் சின்னவள், பின்னலை மடித்துக் கட்டியிருந்தாள்.

"ஐயா, என்ன இது?" என்று மூத்தவள் என்னைக் கேட்டாள்.

"கமரா புள்ள. பிராந்துப் படம்."

"எங்கால பாத்து எடுக்கிறீங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். லென்ஸ் கிழக்கே நீட்டிக்கொண்டு நின்றது. மரம், மரத்துக்குப் பின்னால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் துறையும் படையினரின் காவலரணும். இந்தப் பக்கத்துக்கும் அது குற்றம், அந்தப் பக்கத்துக்கும் அது குற்றம். வெயில் எங்கே நிற்கிறது என்பதால்தான் இப்படி வைத்தோம் என்று நான் விளங்கப்படுத்தினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"பிலிமைத் தாங்க" என்றாள் மூத்தவள்.

நான் நிமலனின் முகத்தைப் பார்த்தேன். கழுகை எழுப்பியதற்கே அந்தக் கத்து. இப்போது என்ன நடக்கப்போகிறது? வாயைத் திறந்தால் இரண்டு பேரும் கடைசிப் பாதைக்கு ஊர் திரும்ப மாட்டோம். அவர் சுருளைச் சுற்றிக் கழற்றி, வெயில் படாமல் சின்ன டப்பாவுக்குள் போட்டு, மூடி இறுகிவிட்டதா என்று ஒருமுறை பார்த்து, இரண்டு கையாலும் கொடுத்தார். "கழுவிப் பாருங்க அக்கா. பிராந்து மட்டும்தான் இரிக்கும்" என்றார்.

இது பொறுமையா, பயமா, இல்லை எதிலும் ஒட்டாத சுபாவமா? எனக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

போகும்போது சின்னவள், "ஒருக்காப் பாக்கலாமா?" என்றாள். மூத்தவள் சரி என்று தலையாட்டினாள். நிமலன் முக்காலியை அவள் உயரத்துக்கு இறக்கி, "இந்த வளையத்தை மெல்லத் திருப்புங்க தங்கச்சி" என்றார். அவள் கூட்டைப் பார்த்தாள். "குஞ்சு! அக்கா, குஞ்சு!" என்று வதனி கத்துகிற மாதிரியே கத்தினாள். பிறகு லென்சைத் தானே மெல்லத் திருப்பினாள். மரத்தை விட்டு, தண்ணீரை விட்டு, அக்கரைத் துறைக்கு. அங்கேயே நிறுத்திவிட்டாள். அசையவில்லை.

"அங்க ஆரு புள்ள?" என்று கேட்டுவிட்டேன்.

கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அம்மா. துறையில கச்சான் கடலை விக்கிறவ. நான் அங்கால போக ஏலாதே. தெரியிறாவா எண்டு பாத்தன்."

"நிக்கிறாவா?"

"இல்ல. இண்டைக்கு வரயில்ல போல."

"உனக்கு எத்தின வயசு?"

"இருபது" என்றாள். மூத்தவள் "போதும்" என்றதும் கண்ணை எடுத்து, லென்ஸ் உறையைத் தடவி, "வடிவான துணி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினாள்.

இந்தக் கட்டுரையில் கடற்கழுகின் படம் ஒன்றுமில்லாததற்குக் காரணம் இதுதான். இனியும் அந்த இடத்தில் நிற்பது சரியில்லை என்று கிளம்பிவிட்டோம். வழியில் முருகனைக் கும்பிட்டோம். நிமலன் என்ன கேட்டுக் கும்பிட்டாரோ தெரியாது. எனக்கு ஒன்றும் கேட்க வரவில்லை.

பாதையில் திரும்பும்போது நிமலன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க என்னட்ட ஒண்டும் கேக்கயில்லையே அங்கிள்? கேக்கத்தானே வந்தீங்க."

எத்தனையோ கேட்க இருந்தது. வாயில் வந்தது இதுதான்: "அந்தப் பிராந்து எவ்வளவு நாளைக்கு அடைகாக்கும்?"

அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். "ஆறு கிழமை அளவில. கூடுதலா பெட்டை இரிக்கும். ஆணும் இடைக்கிடை மாறும்."

"நல்லது" என்றேன். எது நல்லது என்று அவரும் கேட்கவில்லை. துறையில் இறங்கியபோது கச்சான்காரி யாரும் இருக்கவில்லை. தவம் ஆட்டோவுக்குள் நித்திரை.

இனி அங்கே போக நினைப்பவர்களுக்குச் சில சொல்லி வைக்கிறேன். மாசியில் போங்கள், மழை விட்டிருக்கும், கூட்டில் குஞ்சு இருக்கும். காலையில் போனாலும் படம் பின்னேரம்தான். குடையும் தண்ணீரும் இல்லாமல் வட்டையில் நாள் முழுக்க இருக்க முடியாது. கூட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள், கை தட்டாதீர்கள். இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். இப்போது காவலரண் இல்லை, லென்சை எந்தப் பக்கமும் திருப்பலாம். ஆனாலும் ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முக்காலியைக் குத்துங்கள். பாதை ஓடும் நேரத்தைத் துறையிலேயே விசாரியுங்கள். அந்த மருதமரம் இன்னும் நிற்கிறதா என்று எனக்குத் தெரியாது. பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. சண்டை திரும்ப வந்ததும் பாதையும் கொஞ்சக் காலம் நின்றுபோனது.

அன்று வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. மனைவி தேத்தண்ணியோடு வந்து, "என்ன, வாயில்லாப் புள்ள மாதிரி நிக்கிறீங்க? சொல்லுங்க" என்றாள். வதனி குசினிக் கதவோடு நின்றாள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கை தட்டியதைச் சொன்னேன், கத்தியதைச் சொன்னேன், படச்சுருளை இரண்டு கையாலும் கொடுத்ததைச் சொன்னேன்.

"நீங்க கை தட்டினீங்களா?" என்று வதனி விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் எண்டாலும் கத்தியிருப்பன்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்ப நீங்க என்ன சொல்றீங்க, அப்பா?"

"நல்ல பொடியன் மகள். ஓமெண்டு சொல்லு."

"வடிவாப் பாத்தீங்களா?"

"பாத்தன்."

சைக்கிளில் வந்த, வதனியின் வயதே ஆன அந்தப் புள்ளையைப் பற்றி நான் வீட்டில் வாய் திறக்கவில்லை. அவள் லென்சில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றதைக் கண்ட நிமிடத்தில் இருந்து, வதனியை இங்கிருந்து கூட்டிப் போகிற நிமலன் என்னை அந்த வரம்பிலேயே தள்ளி விழுத்தியிருந்தாலும், நாள் முழுக்கக் கத்தியிருந்தாலும், நான் வீட்டுக்கு வந்து "ஓம்" என்றுதான் சொல்லியிருப்பேன்.